உம்மா பார்க்காத ஜோர்தான்



ஜோர்தான் என்ற பெயரைக் கேட்டதும் உங்களில் பலருக்கு யாராவது ஒருவரின் முகம் நினைவுக்கு வரும். ஒரு சாச்சியாக இருக்கலாம், மாமியாக இருக்கலாம், அடுத்த வளவு ராத்தாவாக இருக்கலாம். எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீட்டு வேலைக்கென்று ஒரு பெண்ணாவது அரபு நாட்டுக்குப் போய் வராத தெரு இல்லை. எனக்கு நினைவுக்கு வருவது என் உம்மாவின் முகம். வாப்பா நோயில் விழுந்து, 1989 இல் உம்மா அம்மான் நகருக்குப் போனபோது எனக்கு 8 வயது. அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது எனக்கு 14 வயது. அந்த ஆறு வருடத்தையும் பற்றி, "அங்க என்னென்ன பாத்தீங்க உம்மா?" என்று கேட்டால், "குசினி பாத்தேன்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அதற்கு மேல் கேட்க எங்களுக்கு வாய் வராது.

அந்த உம்மாவைத் தன் செலவில் ஒருமுறை ஜோர்தானுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது என் தம்பியின் பல வருட ஆசை. அவர் தோஹாவில் கணக்காளராக இருக்கிறார். 2022 இல் நம் நாட்டில் டொலர் விற்ற விலை உங்களுக்குத் தெரியும். எங்கள் சம்பளத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் பயணத்தைக் கனவில்கூட நினைத்திருக்க முடியாது. உலகக் கிண்ண உதைபந்தாட்டம் முடிந்து அவருக்கு லீவு கிடைத்ததும், டிசம்பர் கடைசியில் நாங்கள் எட்டுப் பேர் புறப்பட்டோம். 67 வயது உம்மா, நான், என் கணவர், 15 வயது மகள், 10 வயது மகன், தம்பி, அவர் மனைவி, அவர்களுடைய 4 வயதுச் சின்ன மகள்.

உம்மா இலகுவில் சம்மதிக்கவில்லை. "அந்தக் கல்லுக்கும் மண்ணுக்கும் நான் எதுக்கு மனே? என்ட முழங்காலு அதுக்குச் சரிவராது. நீங்க புள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. பாலைவனமும் மலைப்பிளவுகளும் நிறைந்த இடத்துக்கு மூன்று தலைமுறை ஒன்றாகப் போவதென்றால், ஓடத் துடிக்கும் பிள்ளையும் படியேற முடியாத மூத்தவரும் ஒரே வாகனத்தில் இருப்பார்கள். தம்பி போட்ட பயணத் திட்டத்தைப் பார்த்த என் கணவர் ஒரு யோசனை சொன்னார்: "மச்சான், உம்மாட காலுக்கு ஏத்த மாதிரித் திட்டத்தப் போடுவம். மிச்சத்தப் புள்ளைகள் ஓடிச் சேத்துக்கொள்ளுவாங்க." முழுப் பயணமும் இந்தப் பேச்சின்படிதான் நடந்தது. சாக்கடலில் விழும் வாதி முஜிப் ஆற்றின் பிளவுக்குள் தண்ணீரில் நடந்து போகலாம் என்று படம் பார்த்து வைத்திருந்த என் மகனுக்குத்தான் ஏமாற்றம். அந்தப் பாதை குளிர்காலத்தில் மூடியிருக்கும். திறந்திருந்தாலும் 18 வயதுக்குக் குறைந்தவர்களை விடமாட்டார்கள்.

அம்மானில் இறங்கிய மறுநாளே தெற்கே வாதி ரம்முக்குப் போனோம். 'பாலைவன நெடுஞ்சாலை' என்று பெயர் பெற்ற வீதியில் நாலு மணித்தியாலத்துக்கும் கூடிய ஓட்டம். வழி நெடுக ஒரு மரத்தைக் காண்பதே அரிது. உம்மா யன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டே வந்தார். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கும் தவிர அம்மானுக்கு வெளியே இந்த நாட்டின் வீதி எதிலும் தான் போனதில்லை என்று சொன்னார்.

வாதி என்றால் ஆற்றுப் பள்ளம். ஆனால் வருடத்தில் பெரும்பாலான நாள் அதில் ஆறு இருக்காது. வாதி ரம்மின் பாதுகாக்கப்பட்ட பகுதி மட்டும் 700 சதுர கிலோமீற்றருக்கு மேல். 2011 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமை இடமாக அறிவித்தது. சிவந்த மணல் தரையிலிருந்து மலைகள் நேராக எழுந்து நிற்கின்றன. ரம் மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,700 மீற்றருக்கு மேல். இந்த மலைகளின் மேற்பகுதி மணற்கல், அடிப்பகுதி கருங்கல். எப்போதாவது பெய்யும் மழை மணற்கல்லுக்குள் ஊறி இறங்கும். கருங்கல்லுக்குள் அதனால் புக முடியாது. ஆகவே இரண்டும் சேரும் கோட்டில் ஊற்றாகக் கசியும். தூரத்திலிருந்து பார்த்தால் மலையின் இடுப்பில் பச்சையாக ஒரு கீற்றுத் தெரியும். அங்கே தண்ணீர் இருக்கிறது என்று பதவிகள் அதைப் பார்த்தே அறிந்து கொள்வார்களாம். அங்கே வருடம் முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீற்றர்கூட வராது. நம் பக்கத்தில் மாரியில் ஒரே மாதத்தில் அதைவிடப் பல மடங்கு பெய்துவிடும்.

ரம் கிராமத்திலிருந்து ஒரு பதவி இளைஞர் தன் பழைய டொயோட்டா பிக்கப்பில் எங்களை ஏற்றிக்கொண்டார். பின்பக்கம் இரண்டு வாங்கு போட்டு, மேலே ஒரு கூரைச் சீலை கட்டியிருந்தார்கள். உம்மாவை முன்னால் இருக்கச் சொன்னோம். அவர் கேட்கவில்லை, பேரப்பிள்ளைகளோடு பின்னால்தான் ஏறினார். ஏற்றிவிட இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

இங்கே, வாசிக்கும் சகோதரிகளுக்கு ஒரு விஷயத்தை வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு மூத்த பெண்கள் பயணம் என்றால் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். மலசலகூடம் தேட வேண்டி வருமே என்ற பயம். உம்மாவும் அப்படித்தான். குளிர்காலம், தாகமும் தெரியாது. இரண்டாம் நாள் காலையில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். பாலைவனக் காற்று குளிரிலும் உடம்பிலுள்ள ஈரத்தை இழுத்துவிடும் என்பதை நாங்கள் அன்று கற்றுக்கொண்டோம். அதன் பிறகு, எங்கே மலசலகூடம் உண்டு, எத்தனை மணிக்கு அங்கே போவோம் என்பதைப் புறப்படும் முன்பே சாரதியிடம் கேட்டு உம்மாவிடம் சொல்லிவிடுவோம். அது தெரிந்த பிறகு அவர் போத்தல் போத்தலாகக் குடித்தார். ஏற்பாடு செய்யத் தெரியாதவர்கள் நாங்கள். பழியை அவர் பிடிவாதத்தில் போட்டுக்கொண்டிருந்தோம்.

கஸாலி என்ற மலைப்பிளவுக்குப் போனோம். மலை ஒன்று மேலிருந்து கீழாக வெடித்து, ஆள் ஒருவர் இரண்டு கைகளாலும் இரு சுவரைத் தொடக்கூடிய அளவுக்கு ஒடுங்கி உள்ளே போகிறது. அதன் சுவர்களில் பழைய மனிதர்கள் கல்லால் கொத்திய உருவங்கள் இருக்கின்றன. ஒட்டகங்கள், மனிதர்கள், சோடி சோடியாகக் கால் பாதங்கள். பக்கத்தில் ஒருவகைப் பழைய எழுத்து. வாதி ரம் முழுவதிலும் இப்படி 25,000 உருவங்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் இருப்பதாக யுனெஸ்கோவின் பதிவு சொல்கிறது. "என்ன எழுதியிருக்குது?" என்று உம்மா அரபியில் கேட்டார். பெரும்பாலும் பெயர்கள்தான், இன்னாரின் மகன் இன்னார் என்று ஆடு ஒட்டகம் மேய்க்க வந்தவர்கள் தங்கள் பெயரைக் கொத்திவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சாரதி சொன்னார். உம்மா கொஞ்ச நேரம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆடு மேய்ச்சவனும் பேர எழுதி வச்சிட்டுத்தான் போயிருக்கான்" என்று என்னிடம் தமிழில் சொன்னார். என் மகன் கல்லில் இருந்த பாதத்துக்கு நேரே தன் காலைத் தூக்கி அளந்து பார்த்தான். தொடக்கூடாது என்று சாரதி அதட்டினார்.

இன்னோரிடத்தில் உம் ஃப்ரூத் என்ற கல் பாலம். காற்றும் மழையும் அரித்து, நடுவே வெளி விழுந்து, பாறை ஒன்று வளைந்து பாலமாக நிற்கிறது. அதன் மேல் ஏறி நிற்க வேண்டும் என்று என் மகள் ஆரம்பித்தாள். ஏறும் வழி செங்குத்து, கைப்பிடி கிடையாது. நான் முடியவே முடியாது என்றேன். பொம்பளைப் பிள்ளை, கால் வழுக்கினால் என்ன செய்வது என்று தாய்மார் சொல்லும் அத்தனையும் சொன்னேன். மணலில் போட்ட பாயில் இருந்த உம்மா, "ஏறட்டும் புள்ள. சப்பாத்து நல்ல சப்பாத்துத்தானே? சாரதிப் பொடியன் வழி காட்டட்டும், மாமாவும் பின்னால போகட்டும்" என்றார். எனக்கு இதே உம்மா கொய்யா மரத்தில் ஏறியதற்கு அடித்தவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மகள் ஏறினாள். மேலே நின்று கையசைத்தபோது அவள் ஸ்காஃபின் ஓரம் காற்றில் அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், உம்மா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவு கூடாரத்தில் தங்கினோம். குளிர் பூச்சியத்தை நெருங்கியது. சின்னவளுக்கு மூன்று கால்மேசு போட்டோம். அடுத்தமுறை போகிறவர்கள் கம்பளி உள்ளுடுப்பு ஒரு சோடி அதிகமாகவே எடுத்துப்போங்கள். இராச் சாப்பாட்டுக்கு 'ஸர்ப்' செய்தார்கள். மணலில் குழி தோண்டி, இரும்புப் பீப்பா ஒன்றை இறக்கி, அடியில் தணலிட்டு, தட்டுத் தட்டாக இறைச்சி, கோழி, உருளைக்கிழங்கு, கரட், வெங்காயம் எல்லாம் அடுக்கி இறக்கி, மூடி, மேலே கம்பளம் போர்த்து, மணலால் மூடிவிடுகிறார்கள். இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்துத் தோண்டினால் எலும்பிலிருந்து இறைச்சி தானாகக் கழன்று வருகிறது. சரக்குத்தூள் குறைவு. நம் நாக்குக்குக் கொஞ்சம் உறைப்புத் தேவைப்படும். தம்பி மனைவி கைப்பையிலிருந்து ஒரு சம்பல் போத்தலை எடுத்ததும் எங்கள் வாங்கு முழுவதும் சந்தோஷக் கூச்சல்.

பிறகு தேத்தண்ணீர் வந்தது. உம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "மரமிய்யா போட்டிருக்காங்க" என்றார். அது ஒரு காட்டு மூலிகை இலை, நம்மூர்க் கற்பூரவள்ளி போல ஒரு வாசம். அம்மான் வீட்டில் குளிர்காலம் வந்தால் நாளுக்கு நாலு தடவை இதைப் போட்டுக் கொடுப்பாராம். "ஊத்திக் குடுத்திருக்கேன். இரிந்து குடிச்சதில்ல" என்றார்.

26 ஆம் திகதி வாதி மூஸாவுக்கு வந்தோம். வாதி ரம்மிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம். பெட்ரா என்ற பழைய நகருக்கு வாசலாக இருக்கும் ஊர் இது. நபி மூஸா (அலை) அவர்களின் பெயரால் ஐன் மூஸா என்றொரு ஊற்றும் ஊருக்கு மேலே உண்டு. தூரத்து மலையொன்றின் உச்சியில் சின்னதாக வெள்ளைக் கட்டிடம் ஒன்று தெரிந்தது. நபி ஹாரூன் (அலை) அவர்களின் கபுறு அங்கே இருப்பதாக அந்த மக்கள் நம்புகிறார்கள். உம்மா வாகனத்திலிருந்தபடியே ஸலாம் சொன்னார்.

பெட்ராவைப் பற்றிப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஈராயிரம் வருடங்களுக்கு முன் நபதியர் என்ற அரபு வணிகர்கள் மணற்கல் மலைகளையே குடைந்து எழுப்பிய தலைநகரம். உள்ளே போக 'ஸீக்' என்ற மலைப்பிளவு ஒன்றுதான் பெருவழி. ஒன்றேகால் கிலோமீற்றர் அளவு நீளம், சில இடங்களில் மூன்று மீற்றர் அகலம், இருபுறமும் தலை நிமிர்த்தினால் கழுத்து வலிக்கும் உயரம். எதிரி வர முடியாத அரண் அது. ஆனால் தண்ணீர் வரும். கிழக்கே உள்ள மேட்டு நிலத்தில் பெய்யும் மழையெல்லாம் வாதி மூஸாவில் சேர்ந்து அந்த வாசலுக்குத்தான் ஓடி வருகிறது. மொட்டைப் பாறையில் மண்ணும் இல்லை, மரமும் இல்லை, தண்ணீரை நிறுத்த ஒன்றுமே இல்லை. நபதியர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஸீக்கின் வாயில் அணை கட்டி, பக்கத்து மலையில் 80 மீற்றருக்கும் கூடிய நீளத்துக்குச் சுரங்கம் வெட்டி, வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். குடிதண்ணீரை மட்டும் சுவரில் வெட்டிய வாய்க்காலாலும் சுட்ட மண் குழாயாலும் நகருக்குள் எடுத்தார்கள். பின்னாளில் அந்த அணை அழிந்துபோனது. 1963 ஏப்ரலில் திடீர் வெள்ளம் ஸீக்குக்குள் புகுந்து 20 இற்கு மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பழைய அணை இருந்த இடத்தில் புதிய அணை கட்டினார்கள்.

இதெல்லாம் நான் பின்னர் படித்து அறிந்தவை. 27 ஆம் திகதி காலையில் எங்களுக்கு எதுவும் தெரியாது. தூறல்தான் இருந்தது. டிக்கட் வாங்கியாயிற்று, பிள்ளைகள் சப்பாத்துப் போட்டாயிற்று, தம்பி வாகனத்தைத் திருப்பி நிறுத்தியாயிற்று. விடுதிக்காரரின் வாப்பா, வயது 80 இருக்கும், வாசல் நடையில் தணல் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். எங்களைப் பார்த்து என்னவோ சொன்னார். தம்பிக்குத் தோஹாவில் பழகிய அரபு கொஞ்சம் தெரியும். ஆனால் கிழவர் பேசியது மலைநாட்டு அரபு, அதுவும் பல்லில்லாத வாயால். "மழையப் பத்திச் சொல்றார், பரவாயில்ல, குடை இரிக்கி" என்றார் தம்பி.

உம்மா படியில் நின்றுவிட்டார். "ஸேல் எண்டு சொல்றார்" என்றார்.

சகோதரிகளே, அந்தச் சொல் உம்மாவுக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும். அம்மான் நகரின் பழைய கடைத்தெருவில் 'ஸக்ஃப் அஸ்ஸேல்' என்றொரு வீதி உண்டு. பழைய உடுப்பு, போர்வை, பாத்திரம் எல்லாம் மலிவாக வாங்கும் இடம். வீட்டு மேடம் சாமான் தூக்குவதற்காக உம்மாவை அங்கே கூட்டிப்போவதுண்டு. ஆறு வருடத்தில் அவர் பார்த்த ஒரே கடைத்தெரு அதுதான். அந்தப் பெயருக்கு என்ன கருத்து என்று அந்த வீட்டுச் சின்னப் பிள்ளையிடம் உம்மா கேட்டிருக்கிறார். ஸக்ஃப் என்றால் கூரை, ஸேல் என்றால் மழைக்குப் பாய்ந்து வரும் வெள்ளம். இந்த வீதிக்குக் கீழே ஓர் ஓடை ஓடுகிறது, அதை மூடித்தான் வீதி போட்டிருக்கிறார்கள் என்று பிள்ளை விளக்கிச் சொல்லியிருக்கிறது.

உம்மா கிழவருக்குப் பக்கத்தில் போய் நின்று கேட்டார். கிழவர், "யா ஹாஜ்ஜா" என்று மரியாதையாக விளித்து, கையைக் கிழக்கே நீட்டி மெதுவாகச் சொன்னார். மேலே கறுத்திருக்கிறது. இங்கே தூறலாக இருக்கலாம், அங்கே பெய்தால் இங்கே வந்துவிடும். 2018 இல் சாக்கடல் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்த ஒக்டோபர் 25 ஆம் திகதி திடீர் வெள்ளத்தில் 21 பேர் இறந்தார்கள், அதிகமானோர் சுற்றுலா போன மாணவர்கள். உம்மா திரும்பி வந்து, "இண்டைக்கு ஒருத்தரும் போறல்ல" என்றார்.

தம்பி விடவில்லை. "உம்மா, இவ்வளவு தூரம் வந்து... ராத்தா, நீங்களாவது சொல்லுங்க. ரெண்டு மணித்தியாலத்துல திரும்பிடலாம்." நானும் அவர் பக்கம்தான் நின்றேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் மகள் அழுகிற நிலையில் இருந்தாள். உம்மா குரலை உயர்த்தவில்லை. வாசல் நடையில் கிழவருக்கு எதிரே இருந்த கதிரையில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகு யார் என்ன பேசுவது?

அன்றே பெட்ராவுக்குள் வெள்ளம் புகுந்தது. உள்ளே இருந்த பயணிகளை அதிகாரிகள் அவசரமாக வெளியேற்றினார்கள். விடுதிக்காரர் தன் தொலைபேசியில் வந்த படத்தைக் காட்டினார். பழுப்பு நிறத் தண்ணீர் பாறைகளுக்கிடையே சீறிக்கொண்டு ஓடியது. தம்பி அதை இரண்டு தடவை பார்த்தார். பிறகு எழுந்து போய் அந்தக் கிழவரின் கையைப் பிடித்து முத்தமிட்டார். உம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, இராச் சாப்பாட்டில் கோழித் துண்டுகளில் நல்லதைப் பார்த்து அவர் கோப்பையில் வைத்தார்.

29 ஆம் திகதி வெயில் அடித்தது. பெட்ராவுக்குப் போனோம். ஜோர்தானில் இராத் தங்குபவர்களுக்கு ஒரு நாள் டிக்கட் 50 தினார், இரண்டு நாளைக்கு 55, 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம் என்று அப்போது இருந்தது. முன்பு ஸீக்குக்குள் குதிரை வண்டி ஓடியது. இப்போது மின்கலத்தில் ஓடும் சின்ன வண்டிகள். உம்மாவும் சின்னவளும் அதில் போனார்கள். நாங்கள் நடந்தோம். சுவரில் இடுப்புயரத்தில் வாய்க்கால் எங்களோடு கூடவே வந்தது. ஈர மண் வாசம் இன்னும் இருந்தது. கடைசி வளைவில் பிளவு திறக்க, 40 மீற்றர் அளவு உயரத்தில் அல்-கஸ்னா என்ற அந்த இளஞ்சிவப்பு முகப்பு தெரிந்தது. அதன் முன்னால் ஒரு கல்லில் உம்மா முந்தியே வந்து இருந்துகொண்டு, "எவ்வளவு நேரம் நடக்கிறீங்க?" என்று கேட்டார்.

அங்கிருந்து மெல்ல நடந்து, மலையில் குடைந்த பழைய அரங்கம் வரை உம்மா வந்தார். அதற்கப்பால் அத்-தைர் என்ற இன்னொரு பெரிய முகப்பு மலை மேல் இருக்கிறது. ஏறச் சுமார் 800 படி. எல்லோரும் போக, நான் உம்மாவோடு தங்கினேன். ஒரு பதவிப் பெண்ணின் கடைக்கு முன்னால் வெயில் காய இடம் கிடைத்தது. அவளுடைய வீட்டார் முன்பு இந்தக் குகைகளில்தான் குடியிருந்தார்களாம். 1985 அளவில் அரசாங்கம் பக்கத்தில் கிராமம் கட்டி அங்கே குடியேற்றிவிட்டது. "குகை சூடாயிருக்கும், வீடு குளிருது" என்று உம்மாவிடம் முறையிட்டாள்.

அவள் தேத்தண்ணீர் எடுக்கப் போனபோதுதான் உம்மா பேசினார். நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது பிள்ளைகள் மட்டும்தானாம். பெரியவர்கள் 'ஸிரிலான்கிய்யா' என்பார்கள். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, சம்பளம் பிந்தினாலும் கிடைத்தது. "கெட்ட சனம் எண்டு சொல்லமாட்டேன்" என்றார். வாசற்கதவின் திறப்பு மட்டும் அவர் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல் செய்தியை அந்த வீட்டு வானொலியில் அரபியில் கேட்டிருக்கிறார். ஊரின் பெயர் விளங்கவில்லை, நம் நாடு, பள்ளிவாசல், மவுத்து என்பது மட்டும் விளங்கியிருக்கிறது. எங்களிடமிருந்து கடிதம் வரும்வரை நாற்பது நாள் தொழுகைப் பாயில் இருந்து அழுதாராம். "அப்ப அரபுதான் தெரியாமப் போச்சு. அதுக்குப் பொறகுதான் ஒவ்வொரு சொல்லாக் கேட்டுக் கேட்டுப் படிச்சேன்."

நாங்கள் அந்த நாற்பது நாளில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நான் யோசித்தேன். மூத்தம்மா எங்களை வெளியே விடாமல் வீட்டுக்குள் வைத்திருந்தது நினைவிருக்கிறது. கடிதம் எழுதியதா, யார் எழுதினார் என்பது நினைவில்லை.

பின்னேரம் பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். என் மகன் 800 படியையும் எண்ணியதாகவும், தன் கணக்கில் 812 வந்ததாகவும் சண்டை பிடித்தான்.

திரும்பும்போது அம்மானில் அரை நாள் இருந்தது. "உம்மா, நீங்க இரிந்த வீட்டத் தேடிப் பாப்பமா?" என்று தம்பி கேட்டார். ஜபல் அல்-ஹுஸைன் பகுதி, வெள்ளைக் கல் வீடு. ஆனால் அங்கே எல்லாமே வெள்ளைக் கல் வீடுதான். உம்மா வேண்டாம் என்றார். "ஸக்ஃப் அஸ்ஸேலுக்குப் போவம். மரமிய்யா வாங்கணும்."

போனோம். சன நெரிசல், தள்ளுவண்டி, போர்வைக் குவியல். கையில் ஒரு சாமானும் இல்லாமல் அந்தத் தெருவில் உம்மா முன்னால் நடக்க, நாங்கள் ஏழு பேரும் பின்னால் ஓடினோம். மூலிகைக் கடை ஒன்றில் நின்று விலை கேட்டார், கூடுதல் என்றார், அடுத்த கடைக்குப் போவதுபோலத் திரும்பினார். கடைக்காரர் கூப்பிட்டு, "ஹாஜ்ஜா, இந்த அரபு எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார். "இங்கதான்" என்றார் உம்மா. கடைக்காரர் சிரித்து, கால் தினார் குறைத்து, ஒரு பிடி இலையைச் சும்மா அள்ளிப் போட்டார். விமானத்தில் என் கைப்பை முழுவதும் அந்த வாசம். இப்போது கல்முனை வீட்டில் ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மழைக்காலத்தில் உம்மா போட்டுத் தருவார். தானும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு வந்து எங்களோடு இருப்பார்.